வெளியில் பார்க்கும் பெரியவர்களுக்கு எப்படி உதவுகிறீர்கள்?

தாம்பரம்வாசி:

என் அம்மாவுக்கு 74 வயது. மயிலாப்பூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அடிக்கடி தனியாகப் போய்வருவார். சைதாப்பேட்டை வரை மின்சார ரயில், அங்கிருந்து வெள்ளை போர்டு பஸ். கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்பார். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். முட்டி வலி இருக்கிறது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. ஆனாலும் போகிறார், வருகிறார்.

எப்படிச் சமாளிக்கிறார் என்றால், வழியெல்லாம் முன்பின் தெரியாத யாராவது கொஞ்சம் கை கொடுக்கிறார்கள். ராத்திரி சாப்பிடும்போது அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வார். "யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்" என்று முடிப்பார்.

போன வாரம் அவர் சொன்னது என் மனதிலேயே நிற்கிறது. லஸ் பக்கம் பஸ் நின்றிருக்கிறது, ஆனால் ஓரத்தை ஒட்டி நிற்கவில்லை. கடைசிப் படிக்கும் ரோட்டுக்கும் நல்ல உயரம். அவருக்கு முன்னால் இறங்கிய பையன் திரும்பி நின்று, முழங்கையை மடித்து, மாடிப்படியின் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றானாம். "என் கையைப் பிடிச்சு இழுக்கலைடா. நான் பிடிச்சுக்கிறதுக்குத் தோதா நின்னான். நானேதான் இறங்கினேன்" என்றார். அந்த "நானேதான்" என்பதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம்!

பெரியவர்களுக்கு உதவ வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எப்படிச் செய்தால் அவர்களுக்குச் சங்கடமில்லாமல் இருக்கும் என்பதைத்தான் கேட்க விரும்புகிறேன். உதவுகிறவர்களும் எழுதுங்கள், உதவி பெற்ற பெரியவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

---

பழைய கண்டக்டர்:

தம்பி, உங்கள் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவத்தில், பெரியவர்கள் ஓடும் பஸ்ஸில் விழுவதைவிட, ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலும் இருக்கும்போது விழுவதுதான் அதிகம். கூட்ட நேரத்தில் கண்டக்டர் நடுவில் நின்று டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பார். முன்படியில் யார் இறங்குகிறார்கள் என்பது தலைகளுக்கு நடுவே தெரியாது. யாரோ இரண்டு விசில் கொடுத்துவிடுவார்கள், வண்டி நகர்ந்துவிடும். அந்த நேரத்தில் படிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு ஆள் "ஹோல்டான், பெரியவர் இறங்குறார்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். காசு செலவில்லை, நேரமும் போகாது. ஓர் இடுப்பெலும்பு பிழைக்கும்.

இன்னொன்று. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பெரியவர்கள் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே எழுந்துவிடுவார்கள். பிரேக் போட்டால் தள்ளாடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "எங்கே இறங்கணும்? நான் சொல்றேன், நின்னப்புறம் எழுந்திருங்க" என்று சொன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். சொன்னவர் அதற்கு முன்னால் இறங்குவதாக இருந்தால் வேறு ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். அப்படிப் பொறுப்பாகச் சொல்லிவிட்டு இறங்கும் பள்ளிப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏறும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். பையை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் காலியானால் கம்பியைப் பிடித்து அவரே ஏறிவிடுவார். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது நம் ஊர் பஸ்ஸில் காலங்காலமாக இருக்கிற நல்ல பழக்கம். அதையே படிக்கட்டிலும் செய்தால் போதும்.

சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் 2016-லிருந்து தருகிறார்கள். அதை முந்தானை முடிச்சிலோ சுருக்குப் பையிலோ வைத்திருப்பார்கள், எடுக்க நேரமாகும். பின்னால் நிற்பவர்கள் "சீக்கிரம்மா" என்று அவசரப்படுத்தாமல் இருப்பதையும் நான் உதவி என்றுதான் சொல்வேன். 2024 ஆகஸ்டிலிருந்து சென்னையில் ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் படி ஏறும் கஷ்டமே கிடையாது. நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் இறங்கிக் கொடுக்கும். எல்லா ஊருக்கும் அது வந்துவிட்டால் நான் எழுதியதில் பாதிக்கு வேலை இருக்காது.

---

கோவை ராஜி:

ரயிலைப் பற்றி நான் சொல்கிறேன். என் மாமியாருக்கு நடு பெர்த், மேல் பெர்த் எதிலும் ஏற முடியாது. டிக்கெட் போடும்போது 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது அவர்கள் தனியாகவோ, அந்த வயதுள்ள இரண்டு பேராகவோ ஒரே டிக்கெட்டில் போனால்தான். பேரன் பேத்தியைச் சேர்த்து நாலு பேருக்கு ஒன்றாகப் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் வராது. நிறையக் குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. பாட்டிக்கு மேல் பெர்த், பேரனுக்குக் கீழ் பெர்த் என்று வந்தாலாவது வீட்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம். எல்லாமே மேலே விழுந்தால் முகம் தெரியாத ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.

எங்களுக்கு இதுவரை யாரும் இல்லை என்று சொன்னதில்லை. ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண், நாங்கள் கேட்பதற்கு முன்பே, மாமியார் ஏணியை அண்ணாந்து பார்த்ததைப் பார்த்துவிட்டுத் தன் போர்வையையும் தலையணையையும் எடுத்து மேலே போட்டாள். "எனக்கு மேலதான் ஆன்ட்டி பிடிக்கும்" என்றாள். பிடிக்குமோ பிடிக்காதோ, மாமியாருக்கு அது சலுகையாகத் தெரியவில்லை. அந்தப் பக்குவம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இன்னொரு விஷயம்: வண்டி கிளம்பிய பிறகு கீழ் பெர்த் ஏதாவது காலியாக இருந்தால் டிடிஆர் அதைப் பெரியவர்களுக்கு மாற்றிக் கொடுக்கலாம். முதலில் அவரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் சக பயணிகளிடம் கேளுங்கள்.

---

ஈரோடு பிரபு:

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். எனக்கு 36 வயது. முதுகுத் தண்டில் டிஸ்க் பிரச்சினை, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழ் பெர்த் கிடைக்கும் நாளாகப் பார்த்துத்தான் பயணத்தையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டியில் ஏறியதும் யாராவது வந்து "தம்பி, சின்ன வயசுதானே, மேல போயிடுங்க" என்கிறார்கள். முடியாது என்றால் பெட்டியில் இருக்கிற எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வயதானவர் கூட வந்த மகன் ஒருவர், "இந்தக் காலத்துப் பசங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

உதவி என்பது கேட்கப்படலாம், வற்புறுத்தப்படக் கூடாது. மறுப்பவருக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புவதும் அன்புதான். 2020 மார்ச்சில் ரயில்வே மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை நிறுத்தியது. ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் இருந்ததைத் திருப்பித் தரவில்லை. அதைப் பற்றி யாரும் குரலை உயர்த்துவதில்லை. பக்கத்து சீட்டுக்காரனிடம் மட்டும் உரிமையோடு கேட்கிறோம்.

---

தாம்பரம்வாசி:

பிரபு, நீங்கள் சொன்னது நியாயம். கேட்கும்போதே "உங்களுக்கு முடியும்னா மட்டும்" என்று சேர்த்துக் கேட்டால் மறுப்பவருக்கும் வழி இருக்கும். ராஜி அக்கா சொன்ன அந்தப் பெண் மாதிரி தானாகத் தருபவர்கள் இருக்கும்போது, தர முடியாதவரை நெருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சலுகை பற்றி நீங்கள் எழுதியதையும் ஒப்புக்கொள்கிறேன்.

---

நெல்லை டீச்சர்:

உதவி பெறுகிறவர்களும் எழுதலாம் என்று கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு 71 வயது. கணவர் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன்.

முதலில் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். ரோட்டோரம் நின்றாலே கடக்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்து, கேட்காமல் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிடித்து இழுத்தால் என் எடை என் காலில் நிற்காது, தடுமாறுவேன். அதைவிட நானே மெதுவாக நடந்தால் பத்திரமாகப் போய்ச் சேருவேன். அப்புறம், காது நன்றாகக் கேட்கும் எனக்கு, ஊருக்கே கேட்கும்படி சத்தமாகப் பேசுகிறார்கள். டாக்டரிடம் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிப்போனால், "இவங்களுக்கு என்ன செய்யுது?" என்று அவளிடம் கேட்கிறார்கள். நோய் எனக்கு. நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்தால் ரொம்ப நீளும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் மாத்திரை வாங்கும் மெடிக்கலில் ஒரு பையன் இருக்கிறான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வரும் அட்டைகள் இரண்டும் ஒரே வெள்ளி நிறம், மேலே எழுத்து கடுகு அளவு. அவன் மாத்திரையைக் காகித உறைகளில் பிரித்துப் போட்டு, மேலே கறுப்பு மார்க்கர் பேனாவால் பெரிதாக "காலை, சாப்பிடும் முன்", "இரவு, சாப்பிட்ட பின்" என்று எழுதித் தருவான். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கிற முனையை வெட்டாமல் விட்டுவிட்டு, மறு முனையிலிருந்து வெட்டுவான். தேதி கடைசி வரைக்கும் அட்டையில் இருக்க வேண்டும் என்று யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்னவோ. கம்பெனி மாறி வேறு நிறத்தில் மாத்திரை வந்தால், "டீச்சர், நிறம்தான் வேற, மருந்து அதேதான்" என்று சொல்லித்தான் கொடுப்பான். கடையில் கூட்டம் நிற்கும்போதும் அவன் இதைச் செய்யாமல் விட்டதில்லை.

அவன் என்னிடம் பரிதாபப்பட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் யாரையும் கேட்காமல் என் மருந்தை நானே எடுத்துச் சாப்பிட முடிகிறது. அதுதான் எனக்கு வேண்டும்.

---

பழைய கண்டக்டர்:

டீச்சர், அந்தப் பையனிடம் நாங்கள் எல்லோரும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

---

கேஷ் கவுண்டர்:

வங்கியில் வேலை பார்க்கிறேன். இந்த இழையில் ஒரு எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கு உதவுவது போல் வந்து ஏமாற்றுகிறவர்கள் அதிகம் நிற்கும் இடம் ஏடிஎம். "நான் எடுத்துத் தரேன் ஐயா" என்று கார்டை வாங்கி, ரகசிய எண்ணைக் கேட்டு, பணத்தையும் கையில் கொடுத்துவிட்டு, வேறு கார்டை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பெரியவர் வீட்டுக்குப் போய் அடுத்த மாதம் வந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

அதனால் நல்ல மனதோடு உதவ வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கார்டைக் கையில் வாங்காதீர்கள். எண்ணைக் கேட்காதீர்கள். அவரே சொன்னாலும் "என்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே போடுங்க" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். திரையில் வருவதைப் படித்துச் சொன்னால் போதும். முடியவில்லை என்றால் கிளைக்குள் கூட்டிவந்து ஊழியரிடம் விடுங்கள். உங்கள் நல்ல எண்ணம் அவருக்குத் தெரியும்; ஆனால் நாளைக்கு அதே மாதிரி வருகிறவனிடம் அவர் கார்டைக் கொடுக்கப் பழகிவிடக் கூடாது.

பணம் எடுக்கும் சீட்டை எழுதித் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். எழுதிக் கொடுங்கள். எழுதியதும் தொகையை எண்ணிலும் எழுத்திலும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அப்புறம் சீட்டு, பாஸ்புக் இரண்டையும் அவர் கையிலேயே கொடுத்து, அவரையே கவுண்டருக்கு வரச் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்குத் தெரியாமலே இருக்கும் சில விஷயங்கள்: 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது போன்ற அடிப்படைச் சேவைகளைச் செய்யும்படி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் கிளையில் கேளுங்கள். உடல்நிலை மோசமாகிக் கையெழுத்துப் போட முடியாதவர் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கிறவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

---

வத்தலக்குண்டு வேலு:

எங்கள் ஊர் ரேஷன் கடையைப் பற்றி. சர்க்கரை போடும் நாளில் வெயிலுக்கு முன்பே வரிசை கட்டிவிடும். வயசானதுகள் நிற்க முடியாமல், பையை வரிசையில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடும். வரிசை நகர நகர, பின்னால் நிற்கிறவர் தன் பையோடு அந்தப் பையையும் கல்லையும் சேர்த்து நகர்த்திக்கொண்டே வருவார். யார் பை என்றுகூடத் தெரியாது. முறை வந்ததும் "மஞ்சப் பை யாரது? வாங்க ஆத்தா" என்று கூப்பிடுவார்கள். அந்த வரிசையில் ஒரு பையைத் தாண்டி யாரும் முன்னால் போய் நான் பார்த்ததில்லை.

கஷ்டம் வந்தது விரல் ரேகை வைக்கும் மெஷின் வந்த பிறகுதான். வயல் வேலை, செங்கல் வேலை பார்த்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் எடுக்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். பக்கத்தில் நிற்கிற பெண்கள் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைக்கச் சொல்வார்கள். கடைக்கு வரவே முடியாதவர்களுக்கு வேறு ஒருவரை நியமித்து வாங்கிக்கொள்ள விண்ணப்பம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு டீக்கடைக்காரர் சொந்தமே இல்லாத ஒரு கிழவிக்காக அப்படி எழுதிக்கொடுத்து மாதாமாதம் வாங்கி வந்து போடுகிறார்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, வயதானவர்களுக்கு வீட்டுக்கே அரிசி வருகிறது. பெரிய உபகாரம். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அரிசி வீட்டுக்கு வந்த பிறகும் ரேஷன் போடும் நாளில் அந்த மரத்தடிக்குப் போய்விடுகிறது. நாலு பேரைப் பார்த்து நாலு வார்த்தை பேச வேறு எங்கே போகும்? எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டால் ஆளையும் வாசலோடு நிறுத்திவிடுவோமோ என்று எனக்கு ஒரு கவலை.

---

மாறன்:

எல்லாம் படித்தேன். நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று. பெற்ற பிள்ளைகள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த வயதில் இவர்கள் ஏன் பஸ்ஸிலும் வரிசையிலும் தனியாக நிற்க வேண்டும்? 2007-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் கடமையைச் செய்யாததை வழிப்போக்கர்களின் அன்பு மூடி மறைக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

---

தாம்பரம்வாசி:

மாறன் சார், அப்படிக் கைவிடப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தச் சட்டம் வேண்டும். ஆனால் தனியாக வெளியே வருகிற பெரியவர்கள் எல்லோரும் கைவிடப்பட்டவர்கள் இல்லை. என் அம்மா பெரியம்மாவோடு உட்கார்ந்து பழைய கதை பேசப் போகிறார். போகிற வழியில் கற்பகாம்பாளைப் பார்த்துவிட்டு, தெற்கு மாட வீதியில் காய்கறி விலை கேட்டு, பிடித்தால் வாங்கி வருகிறார். நான் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அது அவருடைய பயணமாக இருக்காது, என்னுடைய வேலையாகிவிடும். அவரை வீட்டில் உட்கார வைப்பதுதான் என் கடமை என்றால் அதை நான் செய்ய மாட்டேன். அவர் வெளியே போய்வர ரோட்டில் இருக்கிற நாலு பேர் துணையிருக்கிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவனாக நான் வேறு யாருடைய அம்மாவுக்கோ இருக்க வேண்டும். இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

---

நெல்லை டீச்சர்:

என் பிள்ளைகள் தினமும் போன் செய்கிறார்கள். கூட வந்து இருக்கச் சொல்கிறார்கள். நான்தான் போகவில்லை. எனக்கு என் வீடு, என் தெரு, என் கடை. மாறன் அவர்களுக்குக் கோபமில்லாமல்தான் சொல்கிறேன்: எங்களைப் பார்த்ததும் எங்கள் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். அது எங்களுக்கு வலிக்கும்.

---

மாறன்:

புரிகிறது டீச்சர். என் தெருவில் பார்த்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொண்டு எழுதினேன். எல்லோருக்கும் அது பொருந்தாது.

---

வார்டு சிஸ்டர்:

எலும்பு முறிவு வார்டில் பல வருடம் இருந்த நர்ஸ் நான். கண்டக்டர் ஐயா இடுப்பெலும்பு என்று எழுதியதைப் பார்த்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ரோட்டில் ஒரு பெரியவர் விழுந்துவிட்டால் நாலு பேர் ஓடிவந்து உடனே தூக்கி நிறுத்துவார்கள். மனசு நல்லதுதான், ஆனால் அதுதான் ஆபத்து. இடுப்பில் எலும்பு முறிந்திருந்தால் தூக்கி நிறுத்தும்போது முறிந்த எலும்பு இன்னும் விலகும்.

முதலில் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சுக் கொடுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால், அல்லது காலைக் கொஞ்சமும் அசைக்க முடியவில்லை என்றால் அப்படியே படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வெயில் படாமல் ஒரு குடை பிடியுங்கள். உடனே தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம். புடவை விலகியிருந்தால் சரிசெய்து விடுங்கள், சுற்றி நிற்கிறவர்களை விலகச் சொல்லுங்கள். விழுந்த வலியைவிட, நடுரோட்டில் எல்லோரும் பார்க்கக் கிடக்கிறோமே என்ற கூச்சம் அவர்களுக்குப் பெரிதாக இருக்கும்.

வலி பெரிதாக இல்லை, எழுந்திருக்கப் பார்க்கிறார் என்றால், அவசரமில்லாமல் முதலில் உட்கார வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நிற்கட்டும். தலையில் அடிபட்டிருந்தால் "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ஆள் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

விழாமலே திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, உளற ஆரம்பித்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க வராமல் பேச்சு குழறினால் அது பக்கவாதம். உடனே 108. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைப் பார்த்து வைத்து ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் தெரியாவிட்டால் டாக்டர்களுக்கு அந்த மருந்தைப் போடுவதே சிக்கலாகிவிடும். அந்த நேரத்தைப் பார்த்துச் சொல்லும் வழிப்போக்கர் செய்வது சாதாரண உதவி இல்லை.

சாலை விபத்து என்றால் போலீஸ், கேஸ் என்று பயப்படாதீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், உதவியவர்களைப் பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது.

---

கோவை ராஜி:

சிஸ்டர், ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தாத்தா எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பெயர் சொல்கிறார், ஊர் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் புறக்காவல் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். வேறு ஏதாவது செய்யலாமா?

---

வார்டு சிஸ்டர்:

நீங்கள் செய்தது சரி. மறதி நோய் உள்ளவர்களிடம் கேள்விமேல் கேள்வி கேட்டால் இன்னும் குழம்பிப்போவார்கள். முதலில் ஓர் இடத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுங்கள். "வீட்டில் யார் இருக்காங்க, என்ன வேலை பார்த்தீங்க" என்று பழைய விஷயமாகப் பேசினால் ஊர்ப் பெயர் தானாக வரும். அவர் அனுமதியோடு சட்டைப் பையில் சீட்டு, போன் எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், கூட இன்னொருவரை வைத்துக்கொண்டு. மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை எல்லா நாளும் இருக்கிறது. ராத்திரி என்றால் அவசர எண் 112. யாராவது பொறுப்பெடுக்கும் வரை அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், அதுதான் முக்கியம்.

---

ஈரோடு பிரபு:

எங்கள் அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் ஓர் ஐயா இருக்கிறார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 82 வயது. பென்ஷன் தொடர்ந்து வர, உயிரோடு இருப்பதைக் காட்டும் உயிர்ச் சான்று கொடுக்க வருடா வருடம் நவம்பரில் அலைகிறார். ரேகை பதிய மாட்டேன் என்கிறது. போன வருடம் அலைந்ததைப் பார்த்தேன், இந்த வருடம் நான் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கேஷ் கவுண்டர்:

பிரபு, இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரேகை இல்லாமல் முகத்தை வைத்தே பதியலாம். ஜீவன் பிரமாண் செயலியையும் ஆதார் முகப் பதிவுச் செயலியையும் உங்கள் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில், சுவர் பக்கமாக உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் எடுத்துக்கொள்ளும். ஆதார் எண், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எண், பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஓடிபி எந்த போனுக்கு வருகிறதோ அது பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது வழி, தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்துகொடுப்பார், கட்டணம் 70 ரூபாய்.

ஐயாவுக்கு 80 கடந்துவிட்டதால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வேலை முடிந்ததும் அவர் போனுக்கு ஒரு பிரமாண் எண் வரும். அதைப் பென்ஷன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

ஈரோடு பிரபு:

நன்றி சார். முதலில் அவரிடம் கேட்டுவிடுகிறேன். தபால்காரரையே வரச் சொல்லலாம் என்பாரென்று நினைக்கிறேன், பழைய ஆபீஸ் ஆட்களைப் பார்த்தால் அவருக்குப் பேச நிறைய இருக்கும்.